பாஸ்போர்ட் பை தைத்து விற்கிறோம்: ஆட்கடத்தல் பற்றி உள்ளே என்ன அச்சிடலாம்?

ஊசிமுனை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு சிறிய தையலகம் நடத்துகிறோம். பாடசாலைச் சீருடையும் சாரி பிளவுஸும்தான் இதுவரை எங்களுக்குச் சோறு போட்டவை. இப்போது இன்னொரு பொருளும் தைக்கிறோம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளக்கூடிய பாஸ்போர்ட் பை. வெளியே கைத்தறி, உள்ளே வெள்ளைப் பருத்தி. அந்த வெள்ளைத் துணியில் ஆட்கடத்தல் பற்றிய எச்சரிக்கையை அச்சிடுகிறோம். விலை 650 ரூபாய். துணி, ஸிப், நூல், அச்சு, கூலி எல்லாம் போக மிஞ்சுவதை வைத்து மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போய்க் கதைத்துவிட்டு வருகிறோம். நன்கொடை வாங்குவதில்லை. எங்களில் ஒருவர் குவைத்தில் சம்பளம் இல்லாமல் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். யோசனை அவருடையது.

பை விற்கிறது. யாருக்கு விற்கிறது என்பதுதான் கவலை. விடுமுறைக்கு வரும் கனடாக்காரரும் லண்டன்காரரும் வடிவாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள். கைபேசியையும் மூக்குக்கண்ணாடியையும் அதற்குள் போட்டுக்கொண்டு நல்லூர் வீதியைச் சுற்றுகிறார்கள். சந்தோஷம். ஆனால் அடுத்த மாதம் ஓமானுக்கு விமானம் ஏறப்போகிற பெண் வாங்குவதில்லை. அவளிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

அடுத்தது வாசகம். இப்போது "ஏமாறாதீர்கள், விழித்திருங்கள்" என்ற மாதிரி அச்சிடுகிறோம். எனக்கே அது பிடிக்கவில்லை. அச்சகக்காரர் சங்கிலி பூட்டிய கைகளின் படம் போடச் சொல்கிறார். அது அதைவிடப் பிடிக்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

தங்கச்சி கோபிக்கக்கூடாது. நல்ல நோக்கம்தான். ஆனால் "விழிப்புணர்வு" என்று சொன்னாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. மண்டபத்தில் பதாகை கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, பட்டிஸும் பிளேன் ரீயும் கொடுத்து, குழுப்படம் எடுத்து முடித்த கூட்டங்கள் எத்தனை! திட்டத்துக்கு வந்த காசு முடிய, விழிப்பும் முடிந்துவிடும்.

எங்கள் சனத்துக்குத் தெரியாதா என்ன? நுண்கடன்காரன் வாராவாரம் வாசலில் வந்து நிற்கிறான். நகை அடைவில் கிடக்கிறது. மூத்தவளுக்கு வயது ஏறுகிறது. போகிறவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் போகிறாள். கடனை விட்டுவிட்டு பையில் எழுதி என்ன ஆகப்போகிறது?

இன்னொன்று. இதிலும் வியாபாரமா என்று நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள். அதற்கும் பதிலை ஆயத்தமாக வைத்திருங்கள்.

பழைய கோப்பு எழுதியது:

ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞன் நான். வெளிநாட்டு வேலை சம்பந்தமான முறைப்பாட்டுக் கடிதங்கள் பல ஆண்டுகள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. வடமராட்சித் தம்பி சொல்வதில் பாதி சரி. கடன்தான் ஆளைத் தள்ளுகிறது. ஆனால் "எல்லாம் தெரியும்" என்பது சரியில்லை. ஆபத்து இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எதைக் கேட்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியாது. இரண்டும் வேறு வேறு.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க முடியாது. அனுமதிப்பத்திரம் உள்ள முகவர் நிலையங்களின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்திலேயே இருக்கிறது. அனுமதி இருந்தால் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட நாட்டுக்கு, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். புறப்படுவதற்கு முன்னர் பணியகத்தில் பதிய வேண்டும். பணியகத்தின் தொலைபேசி எண் 1989க்கு அழைத்தால் விசாரிக்கலாம். இவ்வளவுதான். இதை ஒரு உட்துணியில் அடக்கலாம். "விழித்திருங்கள்" என்பதைத் தூக்கி எறியுங்கள் பிள்ளை. விழித்திருந்து எதைப் பார்ப்பது என்று சொல்லாத எச்சரிக்கை எதற்கு?

விசிட் விசாவை மறக்கக்கூடாது. "முதலில் விசிட்டில் போங்கள், அங்கே போய் வேலை விசாவுக்கு மாற்றித் தருகிறேன்" என்று சொல்கிற இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். 2022 நவம்பரில் ஓமான் விவகாரம் வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? டுபாய், அபுதாபி வழியாக விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்ட பெண்கள். அதில் மஸ்கட்டில் எங்கள் தூதரகத்தில் பணிபுரிந்த அதிகாரி ஒருவரே கைதானார்.

2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய் போவதைத் தடுக்கத்தான் அது வந்தது. அறிக்கை கிடைக்காத தாய்மார் போகாமல் இருந்தார்களா? விசிட் விசாவில் போனார்கள். பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. கதவைப் பூட்டினால் ஆட்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு போவார்கள் என்பது எங்கள் திணைக்களங்களுக்கு எப்போதும் பிந்தித்தான் விளங்கும்.

பனிக்குல்லா எழுதியது:

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். யாரும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்.

ஊரில் பெடியனை வெளியே அனுப்புவதென்றால் காசு எங்கிருந்து வருகிறது? தாயின் சங்கிலியும் காணி உறுதியும் போக, மிச்சம் எங்களிடமிருந்து வருகிறது. கனடா, பாரிஸ், லண்டன், சுவிஸ். மாமா ஒரு பங்கு, அத்தான் ஒரு பங்கு, சீட்டு எடுத்து ஒரு பங்கு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முகவரின் குரல் பதிவு ஒன்று வரும். "அண்ணை, பெடியன் நாளைக்கு ஏறுகிறான், மிச்சக் காசைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் இந்த டிக்கெட் போய்விடும்." இரவு இரண்டு மணிக்கு அதைக் கேட்டுவிட்டு, காலையில் வேலைக்குப் போகிற வழியில் காசைப் போடுகிறோம். வீட்டுக்குக் கார் வாங்கும்போது பத்துப் பேரை விசாரிக்கிறவர்கள், இந்தக் காசுக்கு ஒரு பற்றுச்சீட்டுக்கூடக் கேட்பதில்லை. கேட்டால் அலுவல் குழம்பிவிடுமாம்.

ஆகவே தங்கச்சி, உங்கள் பையை நாங்கள் வாங்குவதைக் குறையாகச் சொல்லாதீர்கள். வாசகம் எங்களைப் பார்த்தும் பேசட்டும். காசு போடுகிறவனை நிறுத்தினால் முகவரின் பாதி வேலை நின்றுவிடும்.

சோக்குத்துண்டு எழுதியது:

பனிக்குல்லா அண்ணா சொன்னதற்குக் கீழே நூறு கையெழுத்து.

உயர்தரம் படிப்பிக்கிறேன். சோதனை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் என் மாணவர்களைத் தூண்டில் தேடி வருகிறது. டிக்டொக்கில் "கணினி தெரியுமா? ஆங்கிலம் கொஞ்சம் போதும். தாய்லாந்தில் தரவு உள்ளிடும் வேலை. சம்பளம் டொலரில்." பாங்கொக் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அங்கிருந்து வாகனத்தில் மே சொட். பிறகு ஆற்றைக் கடந்தால் மியன்மாரின் மியாவடி. அங்கே வேலை என்னவென்றால், வெளிநாட்டு ஆட்களோடு இணையத்தில் காதல் கதைத்து, முதலீடு என்று சொல்லிப் பணம் கறப்பது. மறுத்தால் அடி. வெளியே வர வேண்டுமென்றால் வீட்டிலிருந்து காசு. 2023, 2024இல் எங்கள் நாட்டுப் பிள்ளைகள் பலர் இப்படி மாட்டி, தூதரகம் தலையிட்டுத் துண்டு துண்டாக மீட்கப்பட்டார்கள்.

ஆட்கடத்தல் என்றால் பெண்கள், வீட்டு வேலை, அரபு நாடு என்றே எங்கள் மனம் ஓடுகிறது. கணினி தெரிந்த, மூன்று பாடம் சித்தியடைந்த ஆண்பிள்ளையைப் பற்றித் தகப்பன் பயப்படுவதில்லை. "அவன் விவரமானவன்" என்று விட்டுவிடுகிறார். விவரமானவனைத்தான் அந்த முகாம்களுக்குத் தேவை.

ஆனால் என் மாணவன் கழுத்தில் துணிப்பை போடமாட்டான். சத்தியமாகப் போடமாட்டான்.

மட்டுறுத்துநர்:

இங்கே இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. போலந்தில் தொழிற்சாலை வேலை, விசா உத்தரவாதம், முற்பணம் பாதி என்று வாட்ஸ்அப் எண்ணோடு ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். ஆட்கடத்தல் பற்றிய இழையிலேயே கடை விரிக்கிற துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. கணக்கு முடக்கப்பட்டது. எண்ணைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.

வடமராட்சியான் எழுதியது:

மட்டுறுத்துநரே, அதை நீக்காமல் விட்டிருக்கலாம். பாடப்புத்தகத்துக்குப் படம் போட்டதுபோல இருந்தது.

சோக்குத்துண்டு ஐயா சொன்னதற்கு ஒரு கேள்வி. அந்தப் பெடியன் விரும்பித்தானே போனான்? விரும்பிப் போனவனைக் "கடத்தினார்கள்" என்று எப்படிச் சொல்வது? கப்பலேறி கனடாவுக்குப் போனவர்களும் கடத்தப்பட்டவர்களா? 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் போனார்கள். காசு கொடுத்து, தெரிந்து, போனார்கள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டினால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

கறுப்புக் கோட்டு எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. சட்டம் படிக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டு ஒருவரைக் களவாக எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுவது ஒரு குற்றம். அங்கே போனவுடன் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடும். சன் சீயில் போனவர்கள் பாதுகாப்புத் தேடிப் போனவர்கள், அவர்கள் நிலை வேறு. ஆட்கடத்தல் என்பது சுரண்டுவதற்காக ஆளைப் பிடிப்பது. ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டுப் பலெர்மோ நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன்படி மூன்று விஷயங்கள் சேர வேண்டும். ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, வைத்திருப்பது போன்ற ஒரு செயல். பலாத்காரம், ஏமாற்று, இயலாமையைப் பயன்படுத்துவது போன்ற ஒரு வழி. சுரண்டல் என்ற நோக்கம். ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் சம்மதமே இல்லை என்று அந்த நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. தாய்லாந்தில் தரவு உள்ளிடும் வேலைக்குத்தான் அந்தப் பிள்ளை சம்மதித்தான். மியாவடியில் அடிவாங்கிக்கொண்டு மோசடி செய்யச் சம்மதிக்கவில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் ஏமாற்றினார்களா, மிரட்டினார்களா என்ற கேள்வியே தேவையில்லை.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தலுக்கான 360சி பிரிவு 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றி எழுதப்பட்டது. தண்டனை இரண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டது சிறுவர் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு.

ஒன்று மற்றதாக மாறவும் கூடும். ஐரோப்பாவுக்கு என்று காசு கட்டி ரஷ்யா வழியாகப் போன யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலர் அங்கே படையில் சேர்க்கப்பட்டதாகக் குடும்பங்கள் முறையிட்ட செய்தியைப் பத்திரிகைகளில் எல்லோரும் வாசித்தோம். புறப்படும்போது அது களவான பயணம். துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது அது வேறு கணக்கு.

எல்லை தாண்ட வேண்டும் என்றுகூட இல்லை. 2021இல் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயதுச் சிறுமி எரிகாயங்களோடு இறந்தபோது நாடே கொதித்தது. உள்நாட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளையை இப்படிக் கொண்டுபோய் விடுகிறவரை நாங்கள் தரகர் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறோம். சிறுவர் என்றால் முறையிட அழைக்க வேண்டிய எண் 1929.

மணற்காட்டுக்காரி எழுதியது:

இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுத வேண்டும்போல இருந்தது.

நான் சவூதியில் இருந்தேன். ஊசிமுனைத் தங்கச்சி, உங்கள் பை நல்ல பை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன். விமான நிலையத்துக்கு வெளியே கூட்டிப்போக வந்தவர் முதல் கேட்டது பாஸ்போர்ட்டைத்தான். கையை நீட்டினார், கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது? வீட்டுக்குப் போனதும் மடம், அதாவது அந்த வீட்டு எசமானி, என் பையைத் தட்டிக் கொட்டி, ஒப்பந்தக் கடிதத்தையும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கைபேசியும் போனது. கழுத்தில் உங்கள் பை இருந்திருந்தால் அதுவும் அலுமாரிக்குள்தான் போயிருக்கும். அதில் அச்சிட்ட எண்ணை மடம் வாசித்துக்கொண்டிருப்பார்.

என்னைக் காப்பாற்றியது என் மகளின் சமூகக்கல்விக் கொப்பி. போவதற்கு முன்னர், பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் போட்டோகொப்பி எடுத்து அந்தக் கொப்பிக்குள் வைத்துவிட்டுப் போனேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், கொப்பிக் கடைக்காரர் இரண்டு பிரதி அடித்துவிட்டார், காசு கொடுத்ததை எறிய மனம் வரவில்லை. ஏழு மாதம் சம்பளம் இல்லாமல் போக, பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கைபேசியில் அம்மாவோடு கதைத்தேன். அம்மா பணியகத்துக்குப் போனார். அங்கே கேட்ட முதல் கேள்வி பாஸ்போர்ட் எண். அடுத்தது முகவர் நிலையத்தின் பெயர். அடுத்தது நான் வேலை செய்த வீட்டுக்காரரின் பெயரும் விலாசமும். எழுத்து வாசனை இல்லாத என் அம்மா கொப்பியை அப்படியே மேசையில் வைத்தாராம்.

அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்ற இன்னொரு தாயிடம் மகளின் கல்யாணப் படம் ஒன்றுதான் இருந்தது. மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. "அரபியில்" என்று மட்டும் சொன்னாராம்.

முகவருக்குக் காசு கட்டுவது பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். அது ஆண்பிள்ளைகளுக்கு. வீட்டு வேலைக்குப் போகிற எங்களிடம் அவர்கள் காசு கேட்பதில்லை, தருகிறார்கள். முன்பணம் என்று கையில் வைப்பார்கள். அதில்தான் நுண்கடனை அடைப்போம். பிறகு அங்கே போய் முடியவில்லை என்று அழுதால், "வாங்கிய காசைத் திருப்பிக் கட்டிவிட்டு வா" என்பார்கள். ஆகவே "காசு கேட்டால் கவனம்" என்று மட்டும் அச்சிட வேண்டாம். காசு தந்தாலும் கவனம்.

ஊசிமுனை எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். குவைத்திலிருந்து வந்தவர், "எனக்கும் இப்படித்தான், இதை நான் எப்படி யோசிக்காமல் விட்டேன்" என்று தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

அப்படியானால் தைக்க வேண்டியது போகிறவருக்கான பை இல்லை. வீட்டில் இருக்கிறவருக்கான பை. ஏ4 தாளை மடிக்காமல் வைக்கக்கூடிய அளவில், சுவரில் ஆணியில் மாட்டக்கூடிய மாதிரி, கலண்டருக்குப் பக்கத்தில். உள்ளே அறைகள். ஒவ்வொரு அறைக்கு மேலும் என்ன வைக்க வேண்டும் என்று அச்சு.

சரிதானா?

பழைய கோப்பு எழுதியது:

சரி. நூற்றுக்கு நூறு சரி. என் மேசைக்கு வந்த கடிதங்களில் பாதி, "என் மகளைக் கண்டுபிடித்துத் தாருங்கள் ஐயா" என்பதோடு முடிந்துவிடும். பெயரும் கண்ணீரும்தான் இருக்கும். வைத்துக்கொண்டு யாருக்கு எழுதுவது?

அறைகளில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டின் படப்பக்கமும் விசாவும், டிக்கெட், ஒப்பந்தம், முகவர் நிலையத்தின் அனுமதி இலக்கம், பணியகத்தில் பதிந்த சான்று, கொடுத்த காசுக்கும் வாங்கிய காசுக்கும் பற்றுச்சீட்டு, வீட்டுக்காரரின் விலாசமும் தொலைபேசியும். ஊரில் வந்து ஆள் சேர்த்த தரகரின் பெயரும் இருக்கட்டும். முகவர் நிலையம் கொழும்பில் இருக்கும். ஊருக்குள் வருகிறவர் பெரும்பாலும் தெரிந்த ஆள், சிலவேளை தானே போய்வந்த பெண். பிறகு, "அவரை எனக்குத் தெரியாது" என்று நிலையம் கைகழுவிவிடும்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியும் வேண்டும். மூதூர் ரிசானா நபீக்கை மறந்திருக்கமாட்டீர்கள். 2005இல் பதினேழு வயதில், பிறந்த ஆண்டை மாற்றிய பாஸ்போர்ட்டில் அனுப்பப்பட்டார். 2013 ஜனவரியில் சவூதியில் தலை வெட்டப்பட்டது. பாஸ்போர்ட்டில் இருக்கும் வயதும் சான்றிதழில் இருக்கும் வயதும் ஒன்றா என்று வீட்டில் இருப்பவர்கள் புறப்படுவதற்கு முன்னரே ஒத்துப்பார்க்க வேண்டும்.

சோக்குத்துண்டு எழுதியது:

இப்போது எனக்கும் இதில் வேலை இருக்கிறது. மகன் கழுத்தில் போடமாட்டான். தாய் சுவரில் மாட்டுவார். "தம்பி, இந்த அறை வெறுமையாக இருக்கிறது, ஒப்பந்தத்தின் பிரதியைக் கொண்டுவா" என்று தாய் கேட்கலாம். மகனிடம் அது இல்லையென்றால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். மியாவடிக்குப் போன எவரிடமும் பணியகத்தில் பதிந்த சான்று இருந்திருக்காது. பெற்றோர் கூட்டத்தில் பேச எனக்கு ஒரு மாதிரிப் பை தாருங்கள், காசு தருகிறேன்.

வடமராட்சியான் எழுதியது:

பை நல்லது. என் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. நுண்கடன் அப்படியேதான் இருக்கிறது. அறை வெறுமை என்று தெரிந்தும் போகத்தான் போகிறாள், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை தவணைக்காரன் வருகிறான். இதைத் தங்கச்சியின் தலையில் கட்டவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் கூட்டம் போடாதீர்கள். கூட்டத்தில் முதல் கேள்வி, "எவ்வளவு கடன், யாரிடம்?" என்பதாக இருக்கட்டும். கடனை மறுசீரமைக்க எந்தக் கூட்டுறவுச் சங்கத்திடம் போகலாம் என்று சொல்லக்கூடிய ஒருவரையும் கூட்டிப்போங்கள். வடக்கில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

வியாபாரம் பற்றி: எப்படிப் பதிந்திருக்கிறீர்கள்?

ஊசிமுனை எழுதியது:

அண்ணா, கூட்டுறவுச் சங்கத்து அம்மா ஒருவரை எங்களுக்குத் தெரியும். கேட்கிறேன். நீங்கள் சொன்னது சரி.

பதிவு: பிரதேச செயலகத்தில் தொழில் பெயர்ப் பதிவு மட்டும்தான். என் பெயரில். இதுதான் என் அடுத்த தலையிடி. லாபத்தை நாங்கள் எடுக்கவில்லை என்று எப்படிக் காட்டுவது?

கறுப்புக் கோட்டு எழுதியது:

அக்கா, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பெனிகள் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பெனி என்று ஒரு வகை இருக்கிறது. பங்குதாரர் இல்லை, லாபம் பிரிப்பதில்லை. ஆனால் கணக்காய்வு, செயலாளர் என்று செலவு பிடிக்கும். சீருடை தைத்துக் கூலி எடுக்கும் ஐந்து பேருக்கு அது இப்போது தேவையில்லை என்பது என் எண்ணம். பெயர்ப் பதிவிலேயே இருங்கள். பைக்குத் தனி வங்கிக் கணக்கு, தனிக் கொப்பி. வருடத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஒரு தாளில் அச்சடித்து ஊர் வாசிகசாலையில் ஒட்டுங்கள். கூலி எடுப்பதை மறைக்க வேண்டாம். தைத்ததற்குக் கூலி எடுப்பது வெட்கமில்லை.

பனிக்குல்லா எழுதியது:

கூலி எடுக்காமல் தைத்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஒரு யோசனை. இந்தச் சுவர்ப்பையை ஊரில் 650க்கு விற்காதீர்கள். அதற்கு 650 கொடுக்கிற வீட்டில் கடன் இருக்காது. கழுத்துப் பையை எங்களுக்கு விற்பதை நிறுத்தவும் வேண்டாம். எங்களுக்கு விலையை ஏற்றுங்கள், 2000 என்றாலும் கொடுப்போம், இங்கே ஒரு கோப்பிக்கும் பணிஸுக்கும் அதைவிடக் கூடப் போகிறது. ஒரு கழுத்துப் பை விற்றால் ஒரு சுவர்ப்பை ஊரில் சும்மா போகட்டும். கழுத்துப் பையின் உள்ளே, "நீங்கள் காசு அனுப்புவதற்கு முன்னர் வீட்டுச் சுவரில் உள்ள பை நிறைந்துவிட்டதா என்று கேளுங்கள்" என்று அச்சிடுங்கள். எங்களைப் பார்த்துப் பேசட்டும் என்று முன்னர் சொன்னேனே, அது இதுதான்.

மணற்காட்டுக்காரி எழுதியது:

சும்மா கொடுத்தால் அதற்குள் மிளகாய்த்தூள்தான் வைப்பார்கள் தம்பி. ஐம்பது ரூபாயாவது வாங்குங்கள்.

அங்கே வைத்து அடி, பட்டினி என்றால் என்ன செய்வது என்பதும் பையில் இருக்க வேண்டும். போகிறவருக்கு எண் மனப்பாடமாக இருக்க வேண்டும், துணியில் இல்லை. கூட்டத்தில் எண்ணைச் சொல்லவைத்துவிட்டுத்தான் பையைக் கொடுக்க வேண்டும். அம்மாவின் தொலைபேசி எண்ணே நிறையப் பேருக்கு மனப்பாடம் இல்லை, கைபேசிக்குள்தான் இருக்கிறது.

ஊசிமுனை எழுதியது:

ஐம்பது ரூபாய் என்பதே சரி. வெட்டித் தைத்துப் பார்த்தோம். கைத்தறி வேண்டாம், பாரம் தாங்காமல் தொங்குகிறது. மாப்பைத் துணி போதும். ஆறு அறை. கீழே ஒரு பெரிய அறை, கொப்பி வைக்க. முகப்பில் அச்சிடப்போவது இவ்வளவுதான்:

"போவதற்கு முன்னர் இந்த அறைகள் நிறைய வேண்டும். நிறையாவிட்டால் காசு கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். விசிட் விசாவில் வேலைக்குப் போக வேண்டாம். விசாரிக்க 1989. சிறுவர் என்றால் 1929."

நல்லூரில் கடை போட யோசித்தோம், திருவிழாக் காலத்து வாடகை எங்களுக்குக் கட்டாது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பாஸ்போர்ட் அலுவலகம் 2025 செப்டம்பரில் திறந்த பிறகு, முன்னர் வவுனியாவுக்கு அலைந்த சனமெல்லாம் இப்போது அங்கேதான் நிற்கிறது. பக்கத்தில் போட்டோகொப்பிக் கடைகள் இருக்கின்றன. அவற்றில் பையைத் தொங்கவிடக் கேட்கப்போகிறோம். பிரதி எடுக்கிற இடத்திலேயே பிரதி வைக்கிற பை.

பழைய கோப்பு எழுதியது:

இடம் அருமை. வாசகமும் சரி, ஒரு திருத்தம். "பற்றுச்சீட்டு இல்லாமல்" என்ற சொல் எங்கே? அதைச் சேருங்கள். எண்கள் இரண்டும் உள்ளங்கை அளவில் இருக்கட்டும், வாசிக்கப்போவது என் வயதுக்காரர்கள். அச்சு மை அடுப்புப் புகையிலும் இரண்டு சலவையிலும் போய்விடும். அறைகளின் பெயர்களை அச்சிடுங்கள், எண்களை மட்டும் நூலால் தையுங்கள்.

ஊசிமுனை எழுதியது:

நூலால் தைத்தால் ஒரு பைக்கு இருபது நிமிடம் கூடும் ஐயா. கூலி ஏறும். ஆனாலும் செய்கிறோம். சிவப்பு நூலா, நீல நூலா என்று இங்கே ஒரு சண்டை நடக்கிறது. சோக்குத்துண்டு ஐயா, உங்களுக்கு இரண்டு நிறத்திலும் ஒவ்வொன்று வெள்ளிக்கிழமை வரும். பெற்றோர் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு எது தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.